நாலு முட்டை வீடு

வசுமதி வீட்டுக் கோழிகள் ஆள் எண்ண ஆரம்பித்தது, அவர்கள் அந்த மேட்டுக்காட்டில் குடியேறிய இரண்டாம் வருஷம் தை மாதத்தில். அதற்கு முன்னால் அவையும் எல்லா வீட்டுக் கோழிகளையும் போலப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, அடைக்குப் படுத்து, குஞ்சு பொரித்து, பருந்துக்குப் பாதியும் கீரிக்குக் கால்வாசியும் கொடுத்ததுபோக மீதியை வளர்த்துக்கொண்டுதான் இருந்தன. தை பிறந்த ஏழாம் நாளிலிருந்து, எட்டுப் பெட்டைகள் இருந்த அந்தக் கூண்டில், பனியோ வெயிலோ, அடையோ இல்லையோ, விடிந்தால் நாலு முட்டை. ஐந்தும் இல்லை, மூன்றும் இல்லை. வீட்டில் இருந்ததும் நாலு பேர்தான்: வசுமதி, அவள் புருஷன் மணவாளன், பன்னிரண்டு வயது இளவெயினி, ஆறு வயதுக் குறிஞ்சி.

கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி ஆபீசில் இருந்த மணவாளனை வேலையை விடவைத்து, தானும் பதினொரு வருஷம் பார்த்த ரத்தப் பரிசோதனை லேப் வேலையை விட்டு, பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வேடசந்தூருக்கு வடக்கே ஊத்துமேட்டுப்பட்டி என்ற அந்தச் செம்மண் பூமிக்கு எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தவள் வசுமதிதான். அவள் பேசினால் எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க முடியாது. அவ்வளவு நியாயமாகப் பேசுவாள். மண்கல்லால் வீடு, சாம்பலால் பாத்திரம் விளக்கல், பூந்திக்கொட்டையால் துணி துவைத்தல், குளித்த தண்ணீர் வாழைக்கு, முட்டை ஓடு தக்காளிப் பாத்திக்கு, வெங்காயத் தோலைக்கூட வீணாக்காமல் கொதிக்கவைத்து அதில் நூலுக்குச் சாயம் ஏற்றுவது என்று, அந்த வீட்டிலிருந்து குப்பை என்று ஒன்று வெளியே போனதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு ஆட்கள் அதைப் பார்க்க வருவார்கள், அவளும் முருங்கைக்கீரை சூப்பைக் கொடுத்துவிட்டு ஒரு மணிநேரம் பேசுவாள்.

பாடமும் அப்படித்தான். பெருக்கல் என்றால் கத்தரி நாற்று, பின்னம் என்றால் கருப்பட்டி. இளவெயினிக்கு ஒரு நீளமான நோட்டு. அதன் முதல் பக்கத்தில் வசுமதி தன் கையாலேயே எழுதிக்கொடுத்திருந்தாள்: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. லேபில் இருந்து கொண்டுவந்த சின்னத் தராசில் தினமும் முட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்து அந்த நோட்டில் எடை எழுதுவது வெயினியின் காலை வேலை. அந்த நோட்டுதான் கோழிகளை முதலில் கண்டுபிடித்தது. மணவாளன் அண்ணன் வீட்டுக்குப் போன நாட்களில் மூன்று, திரும்பி வந்த மறுநாள் நாலு. வீட்டில் தலைசாய்த்துப் படுத்தவர் எத்தனையோ அத்தனை.

ஊர் இதற்கெல்லாம் ஒன்றும் மலைத்துப்போகவில்லை. தெற்கே ஒரு மாடு இரட்டிப்பாகக் கறக்கிறது, கிழக்கே ஒரு கிணறு இனிக்கிறது, இங்கே கோழி எண்ணுகிறது, அவ்வளவுதான். மளிகைக் கடை பவுன்தாயின் மருமகள் செல்வராணி மாமியாரோடு சண்டை போட்டு, இனி செத்தாலும் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று துணிமணியோடு வசுமதி வீட்டில் வந்து உட்கார்ந்தபோது, மறுநாள் காலையில் கூண்டில் ஆறு முட்டை கிடந்தது. வந்தது ஒருத்தி, கூடியது இரண்டு. பவுன்தாய் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து மருமகளைக் கட்டிப்பிடித்து அழுது, கையோடு கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த டீச்சரிடம், "வீட்ல எத்தன பேருன்னு அந்தக் கோழியக் கேட்டு எழுதிக்கங்க டீச்சர், மனுசங்க பொய் சொல்லுவாங்க" என்றார் வார்டு மெம்பர் ஆண்டிச்சாமி. டீச்சரும் கூண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாலு என்று எழுதிக்கொண்டுதான் போனாள். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓர் இரவு தங்கிப்பார்த்துவிட்டுப் போகிறவர்களை மட்டும் கோழிகள் சட்டை செய்யவே இல்லை. அவர்களுக்கு என்ன குறை என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

இப்படியாக அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டானது. காலையில் அந்தப் பாதையாகப் போகிறவர் யாராக இருந்தாலும், ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாலும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு போனாலும், வேலிக்கு வெளியே நின்று, "எத்தன?" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து, "நாலு" என்று பதில் வரும். அந்த நாலு டீக்கடைக்குப் போய், மளிகைக் கடைக்குப் போய், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வாயில் ஏறி, எட்டு மணிக்குள் ஊர் முழுக்கப் பரவி, எல்லோரும் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

அந்த நிம்மதியில் ஆவணி மாதம் ஒரு முள் தைத்தது. நத்தத்துப் பக்கமிருந்து கிணறு தூர் வார வந்த கொம்பையா, ஒண்டிக்கட்டை, அறுபது வயசு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு சொந்த வீடு மாதிரிப் புழங்க ஆரம்பித்துவிட்டவர். அவரையும் சேர்த்து ஆறு நாளும் ஐந்து முட்டை வந்தது. ஏழாம் நாள் காலையில் நாலுதான். "என்னப்பா, என்னைய விட்டுருச்சு" என்று கூண்டைப் பார்த்துச் சிரித்தார் மனுஷன். மதியம் களி தின்றுவிட்டுப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து "எத்தன?" என்ற கேள்வியின் குரல் மாறிவிட்டது. கேட்கிறவர்கள் சற்று எட்டவே நின்று கேட்டார்கள். பதில் வரும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் யாரும் படுக்க வருவதில்லை, மழைக்குக்கூட ஒதுங்குவதில்லை. வசுமதி மட்டும் நல்லபடியாகத் தூங்கினாள், ஏனென்றால் விடிந்தால் நாலு.

மாசி ஐந்தாம் தேதி புதன்கிழமை வெயினிக்கு ஜலதோஷம், எழுந்திருக்கவில்லை. வசுமதியே கூடையை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனாள். மூன்று இருந்தது. வைக்கோலைக் கிளறினாள். கூண்டுக்கு அடியில், வேலியோரத்தில், வைக்கோல்போரில், அம்மிக்குப் பின்னால் எல்லாம் தேடினாள். எட்டுப் பெட்டைகளும் வேலை முடிந்தது என்பதுபோல மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தன. வேலிக்கு வெளியே பால்காரரின் சைக்கிள் நின்றது.

"எத்தன தாயி?"

அவள் கூடையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நாலுங்க" என்றாள்.

அவள் அந்த ஊரில் சொன்ன முதல் பொய் அது. வெயினியிடம், ஒன்று கைதவறி உடைந்துவிட்டது என்று இரண்டாவது பொய்யைச் சொன்னாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து மூன்று முகங்களையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இவரா, வெயினியா, குறிஞ்சியா. பிறகு எழுந்து கேழ்வரகு மாவைப் பிசைந்தாள்.

மதியம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பவுன்தாய் கடைக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மூன்று மைல் தள்ளி அடுத்த ஊர்க் கடைக்குப் போய், மூன்று வருஷமாகக் கடையிலிருந்து தின்கிற பொருள் எதையும் வாங்காத வசுமதி, ஒரு அட்டை பண்ணை முட்டை வாங்கிவந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தன. நூலுக்குச் சாயம் போட வைத்திருந்த வெங்காயத் தோலை ஒரு சட்டியில் கொதிக்கவைத்து, அதில் அவற்றை முக்கியெடுத்துத் துணியில் துடைத்தாள். நாட்டுமுட்டை நிறம் அச்சாக வந்துவிட்டது. சிக்கனமாக வாழப் படித்த வித்தையெல்லாம் ஒரு பொய்முட்டையில் வந்து நின்றதை நினைத்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. மறுநாளிலிருந்து, "நீ எடை மட்டும் போடு கண்ணு, முட்டைய நானே எடுத்துட்டு வர்றேன்" என்றாள் வெயினியிடம். வெயினி அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரிம்மா என்றாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் ஏன் என்று தெரியாமல் எல்லாம் மாறியது. மணவாளன் தென்னைமரம் ஏறக் கூடாது. மோட்டார் சுவிட்சை அவள்தான் போடுவாள். குறிஞ்சி கிணற்றுப் பக்கம் போனால் அடி விழுந்தது. அந்த வீட்டில் அதுவரை பிள்ளைகள் அடி வாங்கியதே இல்லை. பாம்பு வரும் என்று, மண் காயாமலிருக்க மூடாக்காகப் போட்டிருந்த இலைதழை எல்லாவற்றையும் வாரி வேலிக்கு வெளியே கொட்டினாள். மூடாக்கைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கால்மணிநேரம் பேசுகிறவள் அவள்.

"உனக்கு என்ன ஆச்சு வசு?" என்று கேட்டான் மணவாளன்.

"உங்களுக்கு நெஞ்சுல எங்கயாவது வலிக்குதுங்களா?"

"இல்லையே."

"பொய் சொல்லாம சொல்லுங்க."

"இப்ப நீ கேக்கறதுலதான் வலிக்குது" என்று சிரித்தான் அவன். அவள் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு காலையும் வேலிக்கு வெளியே அந்தக் குரல், ஒவ்வொரு காலையும் உள்ளேயிருந்து அந்தப் பொய். ஒன்பது நாள் போயிற்று. யாரும் சாகவில்லை. சாகாதது அவளுக்கு ஆறுதலாக இல்லை, தவணை தள்ளிப்போகிற மாதிரி இருந்தது. யார் என்று தெரிந்தால் அவர்களையாவது கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கலாமே என்று தோன்ற, பத்தாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மணவாளனை அண்ணனைப் பார்த்துவிட்டு வரும்படி கோயம்புத்தூருக்கு அனுப்பினாள். அவன் இல்லாத காலையில் கோழிகள் மூன்றே போட்டால் கணக்கில் இல்லாதவன் அவன்தான். இரண்டாகக் குறைந்தால் அவனை எண்ணியிருக்கின்றன என்று அர்த்தம், அவனுக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் விடிந்ததும் கூண்டுக் கதவைத் திறந்தாள்.

இரண்டு முட்டை இருந்தது. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கணமே, அப்படியானால் பிள்ளைகளில் ஒன்று என்பது உறைத்தது.

மணவாளன் திரும்பி வந்ததும், செல்வராணியின் கைக்குழந்தையோடு விளையாடிவிட்டு வா என்று குறிஞ்சியைப் பவுன்தாய் வீட்டில் ஒருநாள் படுக்கவைத்தாள். மறுநாள் இரண்டு. குறிஞ்சி இருக்கிறாள். அதற்கு மறுநாள் வெயினியை அனுப்பவேண்டும். தன் கையால் அந்தப் பிள்ளையின் போர்வையை மடித்துக் கொடுக்கும்போது, வேண்டாம், தெரியவே வேண்டாம் என்று ஒரு மனசு கத்தியது. வெயினி போர்வையை வாங்கிக்கொண்டு, "நாளைக்கும் ரெண்டுதாம்மா இருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். பதற்றத்தில் இருந்த வசுமதியின் காதில் அது ஏறவில்லை.

மறுநாளும் இரண்டுதான்.

கூண்டுக்கு முன்னால் நின்று அவள் விரல் விட்டு எண்ணினாள். அவர் இருக்கிறார். குறிஞ்சி இருக்கிறாள். வெயினி இருக்கிறாள். மிச்சம் ஒரே விரல்தான் இருந்தது, அந்த விரலும் அவளையே காட்டியது. முதலில் வந்தது பயமே இல்லை. அப்பாடா, பிள்ளைகள் இல்லை, அவர் இல்லை, நான்தான் என்று ஒரு பெரிய மூச்சு. அதன் பின்னால்தான் பயம் வந்தது.

சாகப்போகிறவள் எப்படி இருப்பாளோ அப்படி இல்லை வசுமதி; அவளுக்கு நேரமே போதவில்லை. விதைச் சாடிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினாள். குதிரைவாலியை எப்போது விதைப்பது, அவரையை எப்போது ஊறவைப்பது, நெல்லிக்காயை எந்த வெயிலில் காயவைப்பது, எல்லாவற்றையும் மணவாளனிடம் ஒப்பித்து அவனைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். வெயினிக்குச் சோறு வடிக்கவும், தங்கைக்கு ஈரும் பேனும் பார்த்துத் தலை பின்னவும் கற்றுக்கொடுத்தாள். இடையில் டவுனில் ஒரு லேபுக்குப் போய்த் தன் ரத்தத்தைத் தனக்குத் தெரிந்த அத்தனை சோதனைக்கும் கொடுத்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை, ரத்தம் சுத்தமாக இருந்தது. சோதனை முடிவை வாங்கிக்கொண்டும் அவள் உடனே கிளம்பவில்லை. அந்த லேபின் கண்ணாடிக் கதவில், அனுபவமுள்ள ஆள் தேவை என்று ஒட்டியிருந்த காகிதத்துக்கு முன்னால், பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உள்ளேயிருந்து வந்த ஸ்பிரிட் வாசனையை முகர்ந்தபடி நின்றிருந்தாள். இதற்கு முன்னாலும் மூன்று செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்தபோது அங்கே அப்படி நின்றிருக்கிறாள். பஸ் போய்விட்டது.

திரும்பி வந்து, "வெயினி, அப்பாவையும் தங்கச்சியையும் நீதான் பாத்துக்கணும்" என்று ஆரம்பித்தபோது அந்தப் பிள்ளை பொறுக்க மாட்டாமல் உடைந்தது.

"அம்மா, நீ சாகப்போறதில்ல. நிறுத்தும்மா."

"என்ன சொல்ற நீ?"

வெயினி நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். வசுமதி எழுதிக்கொடுத்தபடியே, நினைத்தது ஒரு எழுத்துகூட இல்லாமல், பார்த்தது மட்டும் குண்டு குண்டு எழுத்தில் வரிசையாக இருந்தது.

மாசி 4, செவ்வாய். முட்டை 4. அம்மா சந்தையிலிருந்து வந்து, பெட்டியிலிருந்த வெள்ளை லேப் கோட்டை எடுத்துப் பூந்திக்கொட்டையில் துவைத்தாள். காய்ந்ததும் சர்டிபிகேட் பைலோடு மஞ்சள் பையில் வைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள்.

மாசி 5, புதன். அம்மா எடுத்தாள். முட்டை 3. ஒன்று உடைந்தது என்றாள். தக்காளிப் பாத்தியில் ஓடு இல்லை.

மாசி 6, வியாழன். முட்டை 4. எடை 40, 38, 41, 56. நாலாவதில் வெங்காயத் தோல் வாசனை.

அப்படியே பதினைந்து நாள், ஒவ்வொரு நாளும் ஒரு ஐம்பத்தாறு, ஒரு ஐம்பத்தெட்டு, ஒரு ஐம்பத்தைந்து. எல்லாவற்றையும் எடை போட்டுவிட்டு எல்லாவற்றையும் தின்றிருக்கிறது பிள்ளை, வாயைத் திறக்காமல்.

"இதையும் பாரு" என்று வெயினி பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.

ஆவணி 19. கொம்பையா தாத்தா காலையில் மூட்டையைக் கட்டி வேப்பங்கிளையில் மாட்டினார். மத்தியான பஸ்ஸுக்குப் போறேன் என்றார். முட்டை 4. மதியம் இறந்தார்.

"எல்லாரும் அவர் செத்தத மட்டும் பாத்தாங்கம்மா. முட்ட கொறஞ்சது அவர் மூட்டைய கட்டினதுக்கு. ஞாயித்துக்கெழம வர்றவங்க பையக்கூடத் தொறக்கறதில்ல, அதான் அவங்களுக்கு முட்டையே இல்ல." வெயினி கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். "நீயும் மூட்டைய கட்டிட்டம்மா."

வசுமதி கதவுக்குப் பின்னால் பார்த்தாள். மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டில் அந்துப்பூச்சி, அதனால்தான் துவைத்தேன், அரித்துவிடக் கூடாதே என்றுதான் மடித்தேன் என்று சொல்ல வாய் எடுத்தாள். மடியில் இருந்த நோட்டில் அந்துப்பூச்சி எங்கேயும் இல்லை. அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தாய் தங்களை விட்டுப் போகத் தயாராகிவிட்டாள் என்று தெரிந்துகொண்டு, அதையும் எடை போட்டு எழுதிவைத்துவிட்டுப் பதினைந்து நாள் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

மறுநாள் காலை பவுன்தாயே பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தாள். "ஏத்தா, எத்தன?"

வசுமதி கூடையோடு வேலிக்கு வந்தாள். "மூணுங்க்கா."

பவுன்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. கால்மணிநேரத்தில் ஊர் வாசலில் நின்றது. ஆண்டிச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். ஒருத்தி வெளிப்படையாகவே குறிஞ்சியின் கன்னத்தைத் தடவி அழுதாள். மணவாளன் ஒன்றும் புரியாமல் மண்வெட்டியும் கையுமாகத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தான்.

"யாருக்கும் சாவு இல்லங்க" என்றாள் வசுமதி. "பதினேழு நாளா மூணுதான். நான்தான் நாலுன்னு பொய் சொன்னேன். கோழி என்னைய எண்ணல. எண்ணாததுல தப்பும் இல்ல, நான் இங்க இல்ல." அவள் மணவாளனைப் பார்த்துத் திரும்பினாள். "உங்களையெல்லாம் இழுத்துட்டு வந்தவ நான்தானுங்க. அதனாலயே இத்தன நாளா வாயத் தொறக்க முடியல. எனக்கு மைக்ராஸ்கோப் வேணும். எனக்கு அந்த வேல வேணும். இந்த மண்ணையே பாத்துட்டு இருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

ஊர் சாவுக்கு வந்த ஊர். ஒவ்வொருவராகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பவுன்தாய் மட்டும் போகிறபோது, "இதுக்கா இம்புட்டு நாளு எங்களுக்கு ஈரக்கொல நடுங்குச்சு" என்று திட்டிவிட்டுப் போனாள்.

மணவாளன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "நீ பேசினதக் கேட்டுத்தான் வசு நான் வேலைய விட்டேன்" என்றான். "இப்ப இந்தக் கத்தரிக்காய விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது." பாத்திக்குப் போய்த் தண்ணீர் திருப்பினான். மூன்று நாள் அவன் அவளிடம் பேசவில்லை. அந்த நாட்களிலும் கோழிகள் மூன்றே போட்டன, அவளும் வேலிக்கு வந்து மூணு என்று உண்மையையே சொன்னாள். நடுவில் டவுனுக்குப் போய் அந்த லேபில் வேலை கேட்டாள்; திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். காலை எட்டு மணிக்குப் போய்ச் சாயந்தரம் ஐந்துக்குத் திரும்புகிற வேலை.

திங்கட்கிழமை விடிந்தது. வெயினி கூடையோடு வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மூன்றுதான். வசுமதி கோட்டை எடுக்கக் கதவுக்குப் பின்னால் கையை விட்டாள், பையைக் காணோம். தேடிக்கொண்டு அடுப்படிக்கு வந்தால், மஞ்சள் பை உறிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது, உள்ளே வாய் நிறையச் சின்ன வெங்காயம். பைல், விதைச் சாடிகள் இருக்கும் பலகையில், குதிரைவாலிக்கும் அவரைக்கும் நடுவில் செருகியிருந்தது. கோட்டு, மடிப்புக் கலைத்து இஸ்திரி போட்டபடி, கொடியில் மணவாளனின் சட்டைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவன் வாசலில் குந்தியிருந்து அவள் சைக்கிள் செயினுக்கு விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"செயின் கழண்டுட்டே இருக்கு" என்றான், நிமிராமல். "சாயந்தரம் வரும்போது இருட்டிரும். லைட்டும் பாத்து வச்சிருக்கேன்."

அவள் கோட்டை மட்டும் கையில் போட்டுக்கொண்டு, பையில்லாமல், பெட்டியில்லாமல், குறிஞ்சியின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். பவுன்தாய் கடைக்கு எதிரில் சைக்கிளை நிறுத்திவிட்டு மினி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் உறுமி நகர ஆரம்பித்தது.

அப்போதுதான் மேட்டிலிருந்து வெயினி ஓடிவருவது தெரிந்தது. செருப்பில்லாமல், புழுதியைக் கிளப்பிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பஸ்ஸில் இருந்தவர்களே கத்தினார்கள். அந்தக் குவித்த கைக்கு அந்த ஊரில் அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வெயினி மூச்சு வாங்க ஜன்னலுக்கு எக்கி, கையில் இருந்ததை வசுமதியின் உள்ளங்கையில் வைத்தாள். முட்டை இன்னும் சூடாக இருந்தது.

"நீ வேலியத் தாண்டின ஒடனே கொக்கரிச்சுச்சும்மா" என்றாள். "எடகூடப் போடல."

கடை வாசலில் பவுன்தாய் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தராசைக் கையில் பிடித்தபடி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்தா வசுமதி, எத்தன?"

வசுமதி அழுதுகொண்டே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஊருக்கே கேட்கும்படி, "நாலுங்க்கா" என்றாள்.